தண்ணீர்விட்டான் கொடியும் சமண இல்லறமும்

(மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விழா நாளில் அருகப் பெருமானின் அருங்குணங்களைப் போற்றிப் பேசுவதே மரபு. இன்றைய உரைக்கோ ஒரு காட்டுக்கொடி பொருளாகியிருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. புலால் மறுத்தலோடு அமையாது, மண்ணுக்குள் விளையும் கிழங்கையும் எண்ணிப் பார்த்து உண்ணும் நெறி சமண நெறி. நிலம், நீர், தீ, காற்று, பயிர் ஆகிய ஐவகை ஓரறிவுயிர்களையும் 'தாவரம்' என்று சமண ஆகமங்கள் வழங்கும். நின்ற இடத்தில் நிற்பவை என்பது அச்சொல்லின் பொருள். இன்று தமிழில் மரஞ்செடி கொடிகளுக்கு மட்டும் அச்சொல் உரியதாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் 'தாவரவியல்' என்று சொல்லும்போதெல்லாம் அவர்களை அறியாமலே ஒரு சமணச் சொல்லைச் சொல்கிறார்கள்.

மகப்பேற்றுக்குப் பின் தாய்ப்பால் சுரப்பதற்குப் பூண்டு கொடுப்பது தமிழ்நாட்டு வழக்கம். பூண்டை விலக்கிய சமண இல்லங்களில், மருத்துவர் சிலர் அதற்கு ஈடாகச் சதாவரிப் பொடியைச் சொல்வதுண்டு. 'சதாவரி' என்னும் பெயர் இனிமையானது. தமிழில் அது தண்ணீர்விட்டான் கிழங்கு. கிழங்கு என்ற சொல் காதில் விழுந்ததும் வீட்டில் ஒரு தயக்கம் எழுகிறது. 'மருந்துதானே, தரலாம்' என்பார் ஒருவர். 'கிழங்கு கிழங்குதான், கூடாது' என்பார் மற்றொருவர். இருவருக்கும் இடையே, கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இளந்தாய் விழிக்கிறாள். அவளுக்கு விடை சொல்வதற்கு முன் அந்தக் கொடியை நன்றாக அறிதல் வேண்டும். அறிவு முன்னே செல்ல, இரக்கம் பின்னே வர வேண்டும் என்பதே சமணம் வகுத்த முறை.

பெயரும் குடியும்

தண்ணீர்விட்டான் கொடி தமிழ்நாட்டின் புதர்க்காடுகளிலும் மலையடிவாரங்களிலும் இயல்பாக வளர்வது. நீர்விட்டான், சதாவரி என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு. 'சத' என்பது நூறு. ஒரு கொடியின் அடியில் எண்ணற்ற வேர்கள் கொத்தாகத் தொங்குவதால் அப்பெயர் வந்தது என்பர். தாவரவியலார் அதனை 'அஸ்பராகஸ் ரசிமோசஸ்' என்பர். அஸ்பராகஸ் என்பது பேரினத்தின் பெயர். 1753ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு லின்னேயசு, ஐரோப்பியர் காய்கறியாக உண்ணும் இனத்துக்கு 'அஸ்பராகஸ் அஃபிசினாலிஸ்' என்று பெயரிட்டார். இந்தப் பேரினத்தில் இருநூறுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் மிகுதியானவை ஆப்பிரிக்காவில் வளர்பவை.

முற்காலத்தில் இவற்றை அல்லிக் குடும்பம் எனப்படும் லில்லியேசியில் சேர்த்திருந்தனர். இக்காலத்தில் அஸ்பராகேசி என்னும் தனிக் குடும்பத்தில் வைத்துள்ளனர். எப்படியாயினும் இவை ஒருவித்திலைத் தாவரங்கள். தொல்காப்பியர் மரபியலில் வெளியே வைரமுடையவற்றைப் 'புல்' என்றும், உள்ளே வைரமுடையவற்றை 'மரம்' என்றும் பகுத்தார். பனையும் மூங்கிலும் அவர் பகுப்பில் புல்லைச் சேரும். இன்றைய தாவரவியலிலும் அவ்விரண்டும் ஒருவித்திலைத் தாவரங்களே. தண்ணீர்விட்டான் பார்வைக்குப் பனையோடு சிறிதும் ஒவ்வாது. ஆயினும் அதன் இடம் பனை நிற்கும் பக்கத்தில்தான்.

கண்ணை ஏய்க்கும் கொடி

இக்கொடியைத் தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு மெல்லிய பச்சை இலைகள் அடர்ந்த முட்கொடி என்றே தோன்றும். அருகிற் சென்று பார்த்தால் அத்தோற்றம் மாறிவிடும். அப்பச்சை ஊசிகள் இலைகளே அல்ல. அவை தண்டின் மிகச் சிறிய கிளைகள். இலையின் தொழிலாகிய உணவு சமைத்தலைத் தாமே மேற்கொண்டுவிட்ட கிளைகள். இவற்றைக் கிளாடோடு என்றும், இலைத்தொழில் தண்டு வகையின என்றும் பாடநூல்கள் கூறும். தண்ணீர்விட்டானில் இவை இரண்டு முதல் ஆறு வரை சேர்ந்து, சிறு அரிவாள் போல் வளைந்து, ஒன்று முதல் இரண்டரை சென்டிமீட்டர் நீளத்தில் கொத்தாக நிற்கும்.

அப்படியானால் இலை எங்கே? அக்கொத்தின் அடியில் ஒரு சிறு செதில் ஒட்டியிருக்கும். அதுவே இலை. பெரிய தண்டுகளில் அச்செதிலின் அடிப்பகுதி இறுகிக் கூர்முள்ளாகிவிடும். கையைக் கிழிக்கும் முள்ளே இக்கொடியின் உண்மையான இலை. கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தெரியும் 'இலை' தண்டு.

இது விந்தைக்காக அமைந்த மாற்றம் அன்று. அகன்ற இலை வெயிலில் நீரை மிகுதியாக இழக்கும். ஊசி போன்ற கிளை குறைவாக இழக்கும். ஆண்டில் பல மாதங்கள் மழை காணாத புதர்க்காட்டில் வாழும் உயிர், தன் உடலைத் தானே சுருக்கிக்கொண்டு காலம் கழிக்கிறது. ஆடு மாடு மேயாதபடி முள்ளையும் காவலாக வைத்திருக்கிறது. தொடு உணர்வு ஒன்றே உடைய உயிர் என்று ஆகமங்கள் கூறும் ஓர் உயிர், வெம்மையையும் வறட்சியையும் தாங்குவதற்குக் கொண்ட வடிவம் இது.

மண்ணுக்குள் இரு பகுதிகள்

இனி மண்ணுக்குள் பார்க்க வேண்டும். இன்றைய வினாவுக்குரிய விடையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

மக்கள் கிழங்கு என்று ஒரே சொல்லால் வழங்குபவை தாவரவியலில் பல வகைப்படும். உருளைக்கிழங்கு தண்டு. அதன் மேலுள்ள கண்கள் மொட்டுகள். இஞ்சியும் மஞ்சளும் மண்ணுக்குள் படுத்து வளரும் தண்டுகள். வெங்காயத்தின் சதை, தடித்த இலையடிகளின் அடுக்கு. முள்ளங்கியும் கேரட்டும் தடித்த ஆணிவேர்கள். சர்க்கரைவள்ளி, வேரேயாயினும் மண்ணில் கிடந்தால் முளைக்க வல்லது.

தண்ணீர்விட்டானில் இரு பகுதிகள் உண்டு. கொடியின் அடியில், மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கட்டையான ஒரு தலைப்பகுதி இருக்கும். அது தண்டு. மொட்டுகள் அனைத்தும் அதிலேதான் உள்ளன. கோடையில் மேலே உள்ள கொடி வாடிப்போனாலும், மழை வந்ததும் அத்தலையிலிருந்து புதிய குருத்து எழும். அத்தலையிலிருந்து நாற்புறமும் தொங்குபவையே வேர்கள். இரு முனையும் ஒடுங்கி நடுவில் பருத்து, விரல் தடிப்பில், சில வேளைகளில் ஒரு மீட்டர் வரை நீளும் வெண்ணிற வேர்கள் அவை. கொத்து வேர்க்கிழங்கு என்பது பாடநூல் தரும் பெயர். கொடிக்கு வேண்டிய நீரையும் உணவையும் சேர்த்து வைக்கும் குதிர்கள் அவை. நீர் நிறைந்த அவ்வேர்களைப் பார்த்தவர்க்குத் தண்ணீர்விட்டான் என்ற பெயருக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இவ்வேர்களில் மொட்டு இல்லை. தலைப்பகுதியிலிருந்து துண்டித்த வேரைத் தனியே நட்டால் அது கொடியாக முளைப்பதில்லை. தலைப்பகுதியில் ஒரு துண்டு மொட்டோடு இருந்தால் முளைக்கும். கொடியின் மறுபிறப்புத் தலையில் இருக்கிறது. வேர் அதன் சேமிப்பு மட்டுமே. ஆனால் காட்டில் வேர் தோண்டுபவர் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. மண்வெட்டி தலையையும் சேர்த்தே பெயர்த்துவிடுகிறது.

முதிர்ந்த வேரை ஒடித்துப் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். புறத்தே மெல்லிய தோல். அதனுள் தடித்த சதை. நடுவே உறுதியான ஒரு நரம்பு. சதை ஒடிந்தாலும் நரம்பு நார் போலத் தொங்கும். அதனாலேயே மருந்து செய்பவர்கள் தோலையும் நடுநரம்பையும் நீக்கிவிட்டுச் சதையை மட்டும் உலர்த்துகிறார்கள்.

பூவும் கனியும்

இக்கொடி பூக்கும் காலத்தில் நறுமணமுடைய சிறு வெண்பூக்கள் கொத்துக் கொத்தாக மலரும். ஆறு இதழ்கள், ஆறு மகரந்தத் தாள்கள், மூன்று அறைச் சூலகம். ஒருவித்திலைத் தாவரங்களுக்குரிய மூன்றின் கணக்கு இதில் தெளிவாகத் தெரியும். பூவுக்குப் பின் சிறு உருண்டைக் கனி தோன்றிச் சிவந்து பழுக்கும். உள்ளே கரிய விதை. கனியைப் பறவைகள் தின்று விதையைப் பரப்பும். தோண்டாமல், வெட்டாமல், கொடி தானாகவே கொடுத்துப் பெருகும் வழி இது ஒன்றே.

அப்பெருக்கத்தின் ஆற்றல் சிறிதன்று. தென்னாப்பிரிக்காவிலிருந்து அழகுக்கொடியாக ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு செல்லப்பட்ட 'அஸ்பராகஸ் அஸ்பராகாய்டிஸ்' என்னும் இனம், பறவைகளால் பரவி அந்நாட்டுக் காடுகளை மூடும் களையாகிவிட்டது. அதே தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த 'அஸ்பராகஸ் செட்டேசியஸ்' என்பதைத் தமிழ்நாட்டார் மணமேடைகளில் நாள்தோறும் பார்க்கின்றனர். பூங்கொத்துகளில் ரோசாவின் பின்னே மென்மையான பச்சை மெத்தை போல வைக்கப்படுவது அதுவே.

மேலைநாட்டு உணவுக் குருத்து

அஃபிசினாலிஸ் என்னும் ஐரோப்பிய இனத்தில் உண்ணப்படுவது வேரன்று, வசந்த காலத்தில் தலைப்பகுதியிலிருந்து எழும் இளங்குருத்து. இந்தியாவின் பெருநகரக் கடைகளில் பச்சைக் குச்சிகளாகக் கட்டி விற்கப்படுவது அதுதான். ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறாக அமைந்தது அவ்வினம். விதைத்தபின் முதல் இரண்டாண்டுகள் குருத்தை வெட்டாமல் விட்டுவிடுவர். பின்னர்ப் பத்தாண்டுக்கு மேலும் பலன் தரும். 1806ஆம் ஆண்டில் பிரான்சில் வோகெலின், ரொபிகே என்னும் இரு வேதியியலார் இதன் சாற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். அதுவே அஸ்பராஜின். உலகில் முதன்முதலாகப் பிரித்தறியப்பட்ட அமினோ அமிலம் அது.

செர்மனியில் மண்ணை மேடாக்கி ஒளிபடாமல் வளர்த்து வெண்குருத்தாக அறுப்பர். அங்கு மரபாகச் சூன் 24ஆம் நாளோடு அறுவடையை நிறுத்திவிடுவர். அதன்பின் எழும் குருத்துகள் வளர்ந்து, கிளைத்து, வெயிலில் உணவு சமைத்து, மண்ணுக்குள் உள்ள வேர்களை நிரப்ப வேண்டும். இல்லாவிடின் அடுத்த ஆண்டு கொடி மெலிந்துவிடும். உண்பதற்காகவே பயிரிடுவோர் கூட, கொடி பிழைப்பதற்கென்று ஒரு நாளைக் குறித்து நிறுத்திக்கொள்கின்றனர்.

ஆகமம் வைத்த உரைகல்

10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி இயற்றிய கோமடசாரம் என்னும் நூலின் சீவகாண்டத்தில் பயிர்களைப் பற்றிய பகுப்பு இருக்கிறது. வேரால் முளைப்பவை, நுனியால் முளைப்பவை, கணுவால் முளைப்பவை, கிழங்கால் முளைப்பவை, தண்டால் முளைப்பவை, விதையால் முளைப்பவை என்று அது வகுத்துக் காட்டுகிறது. ஓருடலில் ஓருயிர் வாழ்வதைப் 'பிரத்தியேகம்' என்றும், ஓருடலை எண்ணிறந்த உயிர்கள் பொதுவாகக் கொண்டு வாழ்வதைச் 'சாதாரணம்' என்றும் பிரிக்கிறது. பின்னதையே அனந்தகாயம் என்பர். கிழங்கு விலக்கலுக்கு அடிப்படை இதுவே.

எது அனந்தகாயம் என்று அறிவதற்கு அந்நூல் தரும் அடையாளங்கள் கையால் தொட்டுப் பார்க்கத்தக்கவை. நரம்பும் கணுவும் வெளியே புலப்படாமை. ஒடித்தால் சமமாக ஒடிதல். ஒடித்த இடத்தில் நார் தொங்காமை. வெட்டினாலும் மீண்டும் முளைத்தல். நடுப்பகுதியைவிடப் பட்டை தடித்திருத்தல். இவற்றை வேர், கிழங்கு, பட்டை, தளிர், இலை, பூ, கனி, விதை என ஒவ்வோர் உறுப்பிலும் தனித்தனியே பார்க்கச் சொல்வது அந்நூலின் நுட்பம். ஒரே செடியின் ஓர் உறுப்பு ஒரு வகையாகவும், மற்றோர் உறுப்பு வேறு வகையாகவும் இருக்கலாம்.

இவ்வுரைகல்லில் அஸ்பராகஸை உரைத்துப் பார்க்கலாம். மேலைநாட்டுக் குருத்தைச் சமைப்பவர் அதை இரு கையாலும் வளைப்பர். மேற்பகுதி நாரின்றிச் சட்டென ஒடியும். அடிப்பகுதி நாராக இழுக்கும். அதை எறிந்துவிடுவர். சமையலறையில் சுவைக்காகச் செய்யும் அச்செயல், சீவகாண்டம் கூறும் சோதனையே. அதன்படி, உண்பதற்குரிய இளம்பகுதியே அனந்தகாயத்தின் அடையாளத்தோடு நிற்கிறது. சுவைக்கு மட்டுமே ஆன அவ்வுணவைக் கடையில் பார்த்து ஆசைப்படும் சமண இளைஞர் இதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

தண்ணீர்விட்டான் வேரில் அடையாளங்கள் ஒரே பக்கம் சாய்வதில்லை. முதிர்ந்த வேரின் நடுவே நார் உண்டு. தனித்து நட்டால் அது முளைப்பதுமில்லை. இவ்விரண்டும் ஒரு பக்கம். நடுநரம்பு மெலிந்து அதைச் சூழ்ந்த சதை மிகத் தடித்திருக்கிறது. தலைப்பகுதியோ வெட்டினாலும் முளைக்கிறது. இவை மறுபக்கம். சுவேதாம்பர மரபில் வழங்கும் முப்பத்திரண்டு அனந்தகாயப் பட்டியலில் சதாவரி பெயரோடு இடம்பெற்றுள்ளது. ஐயம் நீங்காத இடத்தில் உயிர்ப்பக்கம் சாய்வதே அறம். ஆகவே பச்சை வேரை உணவாகக் கொள்வதை விலக்கலே தகும்.

பொடியும் மண்வெட்டியும்

உலர்ந்த பொடியைப் பற்றி என்ன சொல்வது? சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், தமிழில் அருங்கலச்செப்பு தோன்றுவதற்கு மூலமாக நின்ற நூல். பயன் சிறிதாகவும் உயிர்க்கேடு பெரிதாகவும் உள்ளவற்றை விலக்குக என்னும் இடத்தில், அது முள்ளங்கியையும் ஈரமான இஞ்சியையும் சொல்கிறது. ஈரமான என்ற அடைமொழி கருதத்தக்கது. சுக்கும் உலர்ந்த மஞ்சளும் சமண இல்லங்களில் புழங்குவது அந்த நுட்பத்தினால்தான். உலர்ந்த பொருளில் உயிர் நீங்கிவிட்டது, மருந்தளவே கொள்ளப்படுகிறது என்பது அதற்குரிய விளக்கம்.

சதாவரிப் பொடிக்கும் அவ்விளக்கம் பொருந்தும். ஆனால் அங்கேயே நின்றுவிடுதல் போதாது. இஞ்சி ஓராண்டுக்குள் தன் பருவத்தை முடித்து, இலை வாடியபின் தோண்டப்படுவது. அதன் விதைக்கிழங்கு அடுத்த ஆண்டு மண்ணுக்குத் திரும்புகிறது. தண்ணீர்விட்டானோ பல்லாண்டு வாழ வேண்டிய கொடி. காட்டில் அதைப் பெயர்த்தால் அத்தோடு அது முடிந்தது. செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூவழியாலும் வினை வரும் என்பது சமணர் அனைவரும் அறிந்தது. பொடியில் உயிர் இல்லையாயினும், அதை வாங்கும் கைக்கும் தோண்டிய மண்வெட்டிக்கும் தொடர்பு உண்டு. இந்திய மருந்துகளில் மிகுதியாகத் தேவைப்படும் வேர்களுள் சதாவரி ஒன்று. அதனாலேயே தேசிய மருந்துத் தாவர வாரியம் அதன் பயிரிடுதலை ஊக்குவிக்கிறது.

இல்லறத்தார்க்கு அருகன் அருளியது அணுவிரதம். இயங்கும் உயிர்களைக் கொல்லாமை அதில் உறுதி. நிலைத்திணை உயிர்களிடத்து, வேண்டாத கேட்டை ஒழித்தல் அதன் அளவு. 'வேண்டாத' என்ற அச்சொல்லில்தான் இளந்தாய்க்குரிய விடை இருக்கிறது. குழந்தைக்குப் பால் வேண்டும் என்பது வேண்டாத ஆசையன்று. அவள் கிழங்கு விலக்கும் விரதம் பூண்டவளாயின் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லி, விதையாலோ கீரையாலோ ஆகும் மருந்து உண்டா என்று கேட்கலாம். வேறு வழியின்றி மருத்துவர் சதாவரியையே சொன்னால், உலர்ந்த பொடியைச் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை மட்டும் உட்கொள்வதை அணுவிரதத்துக்கு மாறென்று பழித்தல் தகாது. விரதத்தின் நுட்பமான ஐயங்களுக்கு முனிவர் பெருமக்களிடம் விடை கேட்பதே முறை. பேறு கண்ட பெண்ணைக் கடுஞ்சொல்லால் வருத்துவது மட்டும் எந்த ஆகமத்திலும் இல்லாத செயல். அங்கே துன்புறுவது ஐயறிவும் மனமும் உடைய உயிர்.

அதே பொடியை விளம்பரம் கண்டு, வலிமைக்கும் பொலிவுக்கும் என்று ஆண்டு முழுதும் பாலில் கலந்து பருகுவது வேறு. அது பயன் சிறிதும் கேடு பெரிதுமான பக்கத்தில் சேரும்.

செய்யத்தக்கவை

வாங்க நேர்ந்தால், காட்டிலிருந்து எடுக்கப்பட்டதை விலக்கிப் பயிரிட்டு விளைத்ததைக் கேட்டு வாங்குதல் நன்று. நிலமுடையோர் வேலியோரத்தில் இக்கொடியை விதையால் வளர்க்கலாம். பந்தலோ புதரோ பற்றுக்கோடாக இருந்தால் அது தானே ஏறிக்கொள்ளும். ஒரு கொடியை நட்டுவிட்டு அதன் வேரைத் தோண்டாதிருப்பதும் ஓர் அபயதானமே. ஆலயத் தோட்டங்களில் 'இது இலையன்று, தண்டு. இது முள்ளன்று, இலை' என்று ஒரு பலகையோடு இதனை வளர்த்தால், பாடசாலைப் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். ஓரறிவுயிரின் மேல் அன்பு வருவதற்கு அதை உற்றுப் பார்த்தலே முதற்படி.

முன்னோர் ஒரு வேரை ஒடித்து, நார் தொங்குகிறதா என்று பார்த்த பின்பே உண்ணலாமா கூடாதா என்று பேசினர். தண்டை இலை என்றும், இலையை முள் என்றும் எண்ணிவிட்டுப் போகும் கண்ணால் அறத்தின் நுட்பத்தைக் காண முடியாது. கொடியை அறிந்தபின் தரலாம் என்பவரும் கூடாது என்பவரும் ஒருவரையொருவர் சினவாமல் பேச இயலும். அந்த இல்லத்தில் இளந்தாய்க்குத் தெளிவும் கிடைக்கும், அமைதியும் கிடைக்கும்.

எல்லா உயிரும் இன்புறுக. அருகன் அறம் வளர்க. அகிம்சை ஓங்குக.